எல்லையோரத்துக் கறிச்சந்தைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்திற்கு இயற்கை ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். காற்று இவ்வழியே போய் வருகிறது. புகைவண்டி போய் வருகிறது. கொங்கு நாட்டுக் காய்கறியும் கோழியும் ஆடும் மாடும் இவ்வழியாகவே மலையாள நாட்டின் அடுப்படிகளை அடைகின்றன. இவ்வாயிற்படியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அநேகம். சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை முதலிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் ஒரு சாரார். இரயில்வே முதலிய உத்தியோகங்களின் பொருட்டு வந்து சேர்ந்தோர் மற்றொரு சாரார். தெற்கே இடுக்கி மலைகளில் தேயிலைக்கும் ஏலத்திற்கும் உழைக்கச் சென்றோர் மூன்றாம் சாரார்.

இம்மூன்று சாராரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் இடம் ஒன்றுண்டு. அது ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கறிக்கடை. ஆட்டுக்கறி கிலோ எண்ணூறு, தொள்ளாயிரம் என்று ஆகிவிட்ட இந்நாளில், அரைக்கிலோ வாங்கி ஆறு பேருக்குப் பங்கிடும் இல்லத்தரசியின் திறமையைக் கணித நிபுணர்களும் வியக்க வேண்டும். நாமோ நிலையத்தில் பார்சல் கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள். எடை, விலை, தூரம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பார்ப்பது தொழிற்பழக்கம். ஆகவே சென்ற ஆடித் திங்களில் கிடைத்த சில நாள் விடுமுறையில், பாலக்காட்டிலிருந்து புறப்பட்டு, உடுமலை வழியே மறையூர் ஏறி, மூணாறு, குமுளி கண்டு, தேனியில் இறங்கித் திரும்புவது என்றும், வழிநெடுக மலை அழகோடு கறி விலையையும் பார்த்து வருவது என்றும் முடிவு செய்தோம். அருவியைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஆட்டுச் சந்தையைப் பற்றி எழுத நாமாவது இருப்போமே.

பாலக்காட்டிலிருந்து திருச்செந்தூர் செல்லும் வண்டியில் ஏறினோம். பொள்ளாச்சிப் பாதை 1932 இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. அதை அகலப்பாதையாக மாற்றும் வேலை முடிந்து மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது 2015 இல். கொல்லங்கோட்டை நெருங்குகையில் வலப்புறம் நெல்லியாம்பதி மலைச் சுவர் எழுந்து நிற்கும் காட்சி, அடிக்கடி பார்த்தவர்களையும் சன்னலோரம் இழுத்துவிடும். முதலமடை மாந்தோப்புகளைக் கடந்து மீனாட்சிபுரம் வந்ததும் மாநிலம் மாறுகிறது. பேச்சு மாறுவதில்லை, இப்புறமும் தமிழ், அப்புறமும் தமிழ். மாறுவது வேறொன்று. அதைப் பொள்ளாச்சியில் கண்டோம்.

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடுகிறது. நாம் இறங்கியது வியாழக்கிழமை. இங்கு வாங்கப்படும் மாடுகளில் நிறைய எல்லை தாண்டிக் கேரளத்திற்கே செல்கின்றன. வாணியங்குளத்தில் வியாழனன்றும் குழல்மந்தத்தில் சனியன்றும் கூடும் சந்தைகளுக்கும் இதற்கும் பழைய உறவுண்டு. தரகரும் வியாபாரியும் துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரலைப் பிடித்தே விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு முகம் தெரியும், தொகை தெரியாது. நமக்கு வேண்டியது மாடன்று, ஆட்டைப் பற்றிய ஞானம். வெள்ளாட்டுக் கிடாய் ஒன்றைப் பிடித்து வந்திருந்த பெரியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"ஏனுங்க, இது எத்தனை கிலோ நிற்கும்?" என்று கேட்டோம்.

அவர் ஆட்டின் முதுகெலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி, வாலடியையும் ஒரு முறை பிடித்துப் பார்த்து, "பத்து கிலோ கறி நிற்குமுங்க. முதுகு எலும்பு கூராக் கையில் தட்டினால் ஆடு மெலிவு. சதை மூடியிருந்தால் கறி தேறும். வயிற்றைப் பார்த்து மட்டும் வாங்காதீங்க. காலையில் தண்ணியைக் காட்டி வயிற்றை நிரப்பிக் கொண்டு வருவோரும் உண்டுங்க" என்றார்.

உயிரோடு இருபத்தொரு கிலோ, இருபத்திரண்டு கிலோ எடையுள்ள ஆடு ஏறத்தாழப் பத்துக் கிலோ கறிதான் தரும். பாதிக்குச் சற்றுக் குறைவு என்று மனத்தில் வைத்துக் கொண்டால் போதும். ஆனால் மீதிப் பாதி வீணன்று. தலை, கால், குடல், இரத்தம், சுவரொட்டி ஆகியவற்றுக்குக் கடையில் தனி விலை உண்டு. கடைக்காரருக்கு இலாபத்தின் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோ கறி வாங்கிச் செல்லும் நமக்கு அதில் பங்கில்லை.

பெரியவர் சொன்ன மற்றொரு செய்தியே இப்பயணத்திற்குத் திறவுகோலாயிற்று. "ஆடி மாசத்தில் வந்து விலை கேக்கறீங்களே! ஊருக்கு ஊர் அம்மனுக்குக் கிடா வெட்டு. ஆடி முடிஞ்சு, ஆவணி போயி, புரட்டாசியில் வாங்க. அப்போ நாங்க உங்களைத் தேடி வருவோமுங்க."

புரட்டாசியில் பெருமாளுக்காகத் தமிழ்நாட்டில் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் புலால் விலக்குகின்றன. ஆட்டுக்கும் கோழிக்கும் தேவை சுருங்குகிறது. இது யாவரும் அறிந்ததே. ஆனால் எல்லைக்கு மேற்கே புரட்டாசி என்பது கன்னி மாதம். அங்கு அத்தகைய விலக்கு இல்லை. அதே போல, இங்கே கிடா வெட்டி விழா எடுக்கும் ஆடி, அங்கே கர்க்கடகம். மழைக்காலத்து அம்மாதத்தில் இராமாயணம் ஓதுவதும், மருந்துக் கஞ்சி குடிப்பதும், புலால் தவிர்ப்பதும் கேரளத்து இந்துக்கள் பலருடைய வழக்கம். ஒரே சூரியன், ஒரே இராசி, ஏறத்தாழ ஒரே நாளில் பிறக்கும் மாதம். இப்புறம் அடுப்பில் கறி கொதிக்க, அப்புறம் கஞ்சி கொதிக்கிறது. எல்லையோரத்தில் வாழும் நமக்கு இரண்டு பஞ்சாங்கங்கள் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகின்றன. ஆயினும் நம்மில் பெரும்பாலோர் ஆடியில் தமிழ்நாட்டு உறவினர் வீட்டுக்குப் போகும்போது அங்கே வாங்கிச் சமைக்கிறோம். புரட்டாசியில் இங்கே உள்ள கடையில் முழு விலை கொடுக்கிறோம். இரண்டையும் திருப்பிப் போட்டால் என்ன என்று ஒரு நிலைய எழுத்தரின் மூளைக்கு அப்போதுதான் தோன்றிற்று.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. வெட்டிய பச்சைக் கறி வெயிலில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் தாங்காது. கோடையில் ஒரு மணி நேரமே அதிகம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கோ, குமுளியிலிருந்து கம்பத்திற்கோ சென்று வாங்குவது நடக்கக் கூடியது. பாலக்காட்டு நகரத்தார் பஸ் கட்டணமும் கொடுத்து, ஒரு கிலோ கறிக்காக எல்லை தாண்டுவது கட்டுப்படியாகாது. உயிருள்ள ஆட்டைச் சோதனைச் சாவடி வழியே கொண்டுவரக் கால்நடை மருத்துவரின் சான்று முதலியவை வேண்டும். வண்டியில் பயணிகள் பெட்டியில் ஏற்றவும் இயலாது. இதை நாம் எத்தனை பேருக்குப் பார்சல் சன்னலில் நின்று விளக்கியிருக்கிறோம் என்பது நமக்கே நினைவில்லை.

பிராய்லர் கோழியின் கதை வேறு. அதற்கு எல்லையும் இல்லை, சந்தை நாளும் இல்லை. பல்லடத்தில் உள்ள கோழிப் பண்ணையாளர் குழு நாள்தோறும் பண்ணை விலையை அறிவிக்கிறது; நாளேடுகளில் வெளிவருகிறது. அதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் நம்மில் எத்தனை பேர்? பண்ணை விலை இறங்கிய மறுநாளே கடைப் பலகை இறங்குவதில்லை. ஏறினால் மட்டும் உடனே ஏறுகிறது. இக்கோழி விலையை மீனும் ஆட்டுவிக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை. கேரளத்தில் ஜூன் இரண்டாம் வாரம் தொடங்கி ஜூலை 31 வரை 52 நாட்கள் தடை. சித்திரையில் தொடங்கி ஆடி நடுவரை ஏதாவதொரு கரையில் மீன் அருகியே இருக்கும். மீன் கிடைக்காதவர் கோழிக்கடைக்கு வருவார். பறவைக் காய்ச்சல் வந்தாலோ தலைகீழ். 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் மாவட்டங்களில் அந்நோய் கண்டபோது கோழியைத் தொடவே பலர் அஞ்சினர். நன்கு வேகவைத்த கோழியால் அந்நோய் பரவாது என்பதை மருத்துவர்கள் எடுத்துச் சொல்லியும் அச்சம் நீங்கப் பல நாள் ஆயிற்று.

நிற்க. உடுமலையில் வண்டியை விட்டிறங்கி, மூணாறு செல்லும் பஸ் பிடித்தோம். அமராவதி அணையை ஒட்டிச் சென்று சின்னாற்றில் எல்லை கடக்கும் இப்பாதை நம் கண்ணுக்கு மிகவும் இனியது. இது மழை மறைவுப் பகுதி. மேற்கே மூணாற்றில் ஆடிச் சாரல் கொட்டிக் கொண்டிருக்கும் அதே வேளையில் சின்னாற்றில் முள்மரங்களும் கள்ளியும் வறண்டு நிற்கின்றன. மறையூரில் கரும்பு ஆலைகளில் வெல்லம் காய்ச்சும் மணம். ஒரு பக்கம் சந்தனக் காடு. காற்றோ, மேல்துண்டைப் பறித்துக் கொண்டு போகும் காற்று.

அக்காற்றில் ஒரு வீட்டுத் திண்ணை மேல் கயிறு கட்டி, மாலை மாலையாக ஏதோ செந்நிறத்தில் தொங்கவிட்டு, மேலே கொசுவலைத் துணி போர்த்தியிருந்தார்கள். உப்புக்கண்டம்! நம் பாட்டிமார் காலத்துப் பொருள். குளிர்சாதனப் பெட்டி வந்த பின் நம் வீடுகளிலிருந்து வெளியேறிய பொருள். திண்ணையில் இருந்த அம்மையார் உடுமலைப் பக்கத்தவர். செய்முறையை மறைக்காமல் சொன்னார். எலும்பில்லாத தனிக்கறியை விரல் பருமனுக்கு மிகாமல் நீள நீளமாக அரிய வேண்டும். கொழுப்பை நீக்கிவிட வேண்டும், இல்லையேல் சிக்கு நாற்றம் வரும். கல்லுப்பு, மஞ்சள், அரைத்த மிளகாய், பூண்டு பிசறி ஓரிரவு வைத்து, மறுநாள் கோணி ஊசியால் நூலில் கோத்துக் காயவிட வேண்டும். மாலையில் பனி படுமுன் உள்ளே எடுத்து, காலையில் மறுபடி கட்ட வேண்டும். நான்கைந்து நாளில் ஒடித்தால் ஒடியும் பதம் வந்ததும் மண் சாடியில் வைத்து வாயைத் துணியால் கட்டலாம். "வளையும் பதத்தில் சாடியில் போட்டால் பூசணம் பிடிக்கும் தம்பி. ஒடிய வேண்டும்" என்று இருமுறை வற்புறுத்தினார். வேண்டும்போது அம்மியில் தட்டி நல்லெண்ணெயில் வறுத்தால், நான்கு துண்டில் ஒரு குடும்பம் இரசஞ்சோறு உண்ணும்.

உப்புக்கண்டத்திற்கு ஏற்ற இடம் மறையூரும், மலையடிவாரத்துக் கம்பம் பள்ளத்தாக்கும், கணவாய்க் காற்று வீசும் சித்தூர்ப் பக்கமும். ஏற்ற காலம் தை, மாசி, பங்குனி. மூணாற்றிலோ பீர்மேட்டிலோ வெயிலை நம்பி இதைச் செய்ய முற்படுவோர் கறியை இழப்பர். அங்குள்ள மலையாளக் குடும்பங்கள் அடுப்புக்கு மேலே பரண் கட்டி, விறகுப் புகையில் இறைச்சியை உணக்குகின்றன; பின்னர் உரலில் இடித்து வறுக்கின்றன. இடியிறைச்சி என்பது அதுவே. எரிவாயு அடுப்பு வந்த வீடுகளில் அதுவும் குறைந்து வருகிறது.

மூணாற்றை அடைந்தபோது மழை. இரயில்வேக்காரர் மூணாற்றில் கால் வைத்தால் பெருமூச்சு விடாமல் இருப்பதில்லை. மாட்டுப்பெட்டி, குண்டளை வழியே டாப் ஸ்டேஷன் வரை இங்கே ஓடிய சிறு இரயில் 1924 வெள்ளத்தில் அழிந்தது. இன்று இடுக்கி மாவட்டம் முழுவதிலும் ஓரடி தண்டவாளம் இல்லை. எனவே நம் உடுப்புக்கு இங்கே மதிப்புமில்லை, இலவச பாஸும் இல்லை. நண்பர் ஒருவரின் உறவினரைக் காண, ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திற்குச் சென்றோம்.

லயத்து வாழ்க்கையில் கறி என்பது வெறும் நாவின் சுவை அன்று. காலை முதல் மாலை வரை சரிவில் நின்று கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு அது உடல்வலு. 2015 செப்டம்பரில் பெண்பிளை ஒருமை என்ற பெயரில் மூணாற்றுச் சாலையில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் அமர்ந்து போராடியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அவர்தம் நாட்கூலி 232 ரூபாய். போராட்டத்தின் பின் 301 ஆயிற்று. ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கு ஏறத்தாழ இரண்டு நாள் கொழுந்து கிள்ள வேண்டியிருந்தது என்றால் நிலைமை விளங்கும். கூலி அதன்பின் உயர்ந்துள்ளது. கறி விலையும் சும்மா இருக்கவில்லை.

அந்த லயத்தில் பத்துக் குடும்பங்கள். மூத்தவர் ஒரு பாட்டி; தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் கடைவீதியில் ஒரு கறிக்கடையில் எல்லாரும் பற்றுவைத்து வாங்கினார்களாம். சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பது. ரொக்கத்திற்கு வாங்குவோரைவிடப் பற்றுக்காரருக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் கூடுதல். அதோடு, "கடன் சொல்லி நிக்கிறவளுக்கு நெஞ்செலும்பும் கழுத்தும்தான் தம்பி விழும். தொடைக்கறி கேட்க வாய் வருமா?" என்றார் பாட்டி. நம் மனத்தில் தைத்தது விலையைவிட இச்சொல்தான்.

இப்போது அவர்கள் செய்வது பழைய கூறு முறை. வீட்டுக்கு வாரம் 100 ரூபாய். எட்டு வாரத்தில் பத்து வீட்டுப் பணம் 8,000. அதற்கு ஒரு கிடாய். அறுத்துக் கொடுப்பவருக்கு 500. பத்துக் கிலோ கறியும் ஈரலும் பத்துக் கூறு. தலையையும் நான்கு கால்களையும் தமக்குள்ளேயே ஏலம் விடுகிறார்கள்; நாம் கேட்ட முறை அது 600 ரூபாய்க்குப் போனதாம். குடலும் இரத்தமும் 300. ஆக 900 இல் அறுப்புக் கூலி 500 போக, 400 அடுத்த ஆட்டுக்கு மீதி. கூறு ஒன்றுக்கு அடக்கம் 760 ரூபாய். கடையில் அதே கறி 900. கிலோவுக்கு 140 மிச்சம். கூறு போடும் முறையும் அழகு. பத்துக் கூறையும் இலைகளில் வைத்துவிட்டு, ஒரு சிறுவனை முதுகு காட்டி நிற்க வைப்பார்கள். "இது யாருக்கு?" என்று ஒரு கூறைத் தொட்டுக் கேட்க, அவன் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வான். சொன்னது சொன்னதுதான். தொடையும் எலும்பும் ஒவ்வொரு கூறிலும் கலந்திருக்க வேண்டிய அவசியம் இம்முறையால் தானே ஏற்பட்டுவிடுகிறது. தன் கூறு எது என்று தெரியாதவன் எந்தக் கூறையும் குறைவாக வைக்கமாட்டான் அல்லவா!

ஞாயிறு கோழிக்கும் கணக்கு மாற்றினார்கள். கடையில் பற்றில் வாங்கிய கோழிக்கறி கிலோ 260. உயிர்க்கோழி கிலோ 130 என்றால் இரண்டு கிலோ கோழி 260 ரூபாய். தோலுரித்துச் சுத்தம் செய்தால் கறி 1.3 கிலோ தேறும். அடக்கம் கிலோ 200. பலகையில் இரண்டு விலையும் எழுதியிருக்கும்போது, உயிர் விலையை 65 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு எது மலிவு என்று முடிவு செய்ய வேண்டும். பாட்டிக்கு வகுத்தல் தெரியாது. "உயிர் விலையோடு பாதி விலையைக் கூட்டி, மேலே ஒரு அஞ்சு ரூபாய் போட்டுப் பாருங்க, சரியா வரும்" என்றார். போட்டுப் பார்த்தோம். 130 உடன் 65, பின் 5. மொத்தம் 200. நாம் பள்ளியிறுதி வகுப்பில் கற்ற கணக்கைவிட இது விரைவு.

வாரம் ஒரு கிலோ கோழியில் 60 வீதம் நாற்பத்தெட்டு வாரத்திற்கு 2,880. ஆறு ஆட்டில் 140 வீதம் 840. ஆண்டுக்கு ஒரு வீட்டுக்கு 3,720 ரூபாய். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் இத்தொகை ஒரு லயத்து வீட்டில் எதுவெல்லாம் ஆகும் என்பது பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

பணப்பெட்டி பாட்டியிடம். ஒரு தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கையில், லயத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் முற்றிக் கோட்டயத்திற்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. இரவு நேரம், ஜீப்பு வாடகைக்கே பணமில்லை. ஆட்டுக்குச் சேர்த்த ஆறாயிரத்தையும் பாட்டி எடுத்துக் கொடுத்துவிட்டார். எவரையும் கேட்கவில்லை. மறுநாள் கேட்டபோது, கேள்வி கேட்டவரும் இருந்திருக்கிறார்கள். "ஆறு வாரம் காசு கட்டினது கறிக்குத்தானே" என்று ஒரு வீட்டார் முறையிட்டு, அதன்பின் சீட்டிலிருந்து விலகியும் போனார்களாம். ஓராண்டு கழித்தே திரும்பச் சேர்ந்தார்கள். அந்தத் தீபாவளிக்கு அங்கே சாம்பாரும் முட்டையும். குழந்தை பிழைத்துவிட்டது. நாம் போயிருந்தபோது முதுகு காட்டி நின்று பெயர் சொல்பவன் அவன்தான் என்று சொன்னார்கள். விலகிய வீட்டார் செய்தது தவறென்று நம்மால் எளிதில் சொல்ல முடியவில்லை. எல்லார் பணத்தையும் ஒருவர் கையில் வைக்கும்போது இவ்விதிகளை முன்னமே பேசிவைப்பது நல்லது என்பது நம் அபிப்பிராயம்.

லயங்களில் சில வீடுகளில் குளிர்சாதனப் பெட்டி உண்டு. ஆயினும் மழைக்காலத்தில் மரம் சாய்ந்து மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்வதற்கில்லை. தனி ஃபிரீசர் நிறைய இருந்து, திறவாமலும் இருந்தால் இரண்டு நாள் தாங்கும்; பாதி நிறைந்தது ஒரு நாள். வீட்டுப் பெட்டியின் மேலறைக்கு அவ்வளவு வலுவில்லை. ஆதலால் மலையில் ஆனி, ஆடி மாதங்களில் சேமிப்பு வேண்டாம். சமவெளியில் இருப்போர் தாராளமாகச் சேமிக்கலாம். பூச்சியம் கீழ் 18 பாகையில் ஆட்டுக்கறி ஆறு மாதம் வரை கெடாது. கொத்துக்கறி மூன்று மாதத்தில் தீர வேண்டும். அறுத்த சூட்டோடு உறைய வைத்தால் கறி இறுகிப்போகும். ஒரு நாள் கீழறையில் வைத்திருந்து, பின்னர் ஒரு சமையலுக்குரிய அளவாகப் பிரித்து, தட்டையாகப் பொட்டலம் கட்டி, தேதி எழுதி மேலறையில் வைப்பதே முறை. முதல் நாளிரவே கீழறைக்கு இறக்கி உருகவிட வேண்டும். உருகியதை மறுபடி உறைய வைத்தலாகாது. மூன்று கிலோவை ஒரே கட்டியாக வைத்துவிட்டு, அரைக்கிலோவுக்காக அரிவாளை எடுக்கும் வீடுகளை நாம் அறிவோம்.

மூணாற்றிலிருந்து பூப்பாறை, நெடுங்கண்டம், வண்டன்மேடு வழியே குமுளிக்குப் பஸ். வழிநெடுக ஏலக்காடு. காலையில் போடி, கம்பம், கூடலூரிலிருந்து ஜீப்புகளில் மலையேறிவரும் தமிழ்த் தொழிலாளர் மாலையில் இறங்குகிறார்கள். இவர்களுக்கு இரு பக்கத்து விலையும் அத்துபடி. எங்கே எது மலிவு என்று நாம் கேட்டதற்கு, ஒரு பெண் சிரித்தவாறு, "கறி வேணும்னா இன்னைக்கு இங்கிட்டு வாங்குங்கண்ணே, கத்தரிக்காய் வேணும்னா கம்பத்தில் வாங்குங்க" என்றார். ஆடி மாதத்திற்கு அது சரியான விடை.

குமுளிக் கடைவீதியில் மாட்டிறைச்சிக் கடைகளும் உண்டு. போத்திறைச்சி விலை ஆட்டுக்கறி விலையில் பாதிக்கும் கீழே. உண்ணும் வழக்கமுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அது பெரிய ஆதரவு. வழக்கமில்லாதவருக்கு அதைப் பற்றிய பேச்சே வேண்டியதில்லை. ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் இப்பக்கத்து மலையாளக் குடும்பங்கள் பல சேர்ந்து ஒரு போத்தை வாங்கி, விடியுமுன் அறுத்துப் பங்கிட்டுக் கொள்வது உண்டு. லயத்தில் கண்ட கூறு முறையும் இதுவும் உடன்பிறப்புகளே.

அக்கடைகளில் ஒன்றை நடத்தும் முதியவர் ஆண்டின் ஓட்டத்தை நமக்கு விளக்கினார். கார்த்திகை பிறந்ததும் சபரிமலை விரதம். வண்டிப்பெரியாறு, சத்திரம், புல்மேடு வழியாகவும் எருமேலி வழியாகவும் ஐயப்பன்மார் செல்லும் பாதை இது. நாற்பத்தொரு நாளும் உணவு விடுதிகள் பலவற்றில் புலால் இராது. டிசம்பர் முதல் தேதியிலிருந்து சிரியன் கிறிஸ்தவர்களில் பலர் இருபத்தைந்து நாள் நோன்பு. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும் மாலை போட்டவர் வீடெல்லாம் சைவம். ஆண்டில் இரண்டு பஞ்சாங்கமும் மாதா கோயில் நாட்காட்டியும் ஒரே பக்கம் சாயும் காலம் டிசம்பரின் முதல் மூன்று வாரமே. "அப்போ வா சாரே, ஞான் விலை குறைச்சுத் தராம்" என்றார். ஈஸ்டருக்கு முந்திய ஐம்பது நாள் நோன்பு அடுத்தது. அது மாசி, பங்குனி. கறிக்குத் தேவை குறையும் அதே காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் காய்கிறது. மறையூர் அம்மையாரின் கயிறு நினைவுக்கு வந்தது. கார்த்திகையில் வாங்கி உறைய வைக்கலாம். மாசியில் வாங்கி உலர்த்தலாம்.

விரதம் இருக்கும் வீட்டில் இவ்வாலோசனை எடுபடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாலை போட்டவர் இருக்கும் வீட்டின் குளிர்சாதனப் பெட்டியில் கறிப் பொட்டலம் வைக்க எந்த இல்லத்தரசியும் ஒப்பமாட்டார், ஒப்ப வேண்டியதுமில்லை. அவர்கள் மாசியைப் பார்த்துக் கொள்ளட்டும்.

குமுளியிலிருந்து கம்பம் வழியே தேனிக்கு இறங்கினோம். மதுரையிலிருந்து போடி வரும் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாக்கப்பட்டு, 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூன் 15 அன்று போடி வரையிலும் மீண்டும் திறக்கப்பட்டது. தேனி நிலைய மேடையில் நின்றபோது நம் உடுப்புக்கு மதிப்புத் திரும்பிற்று.

பாலக்காடு திரும்பியதும் குடியிருப்பில் எட்டு வீட்டாரிடம் லயத்துக் கணக்கைக் காட்டினோம். புரட்டாசி முதல் வாரத்திலிருந்து வீட்டுக்கு வாரம் 150 ரூபாய் சேர்ப்பதென்றும், அவசரச் செலவுக்கு எடுப்பதானால் ஐந்து வீட்டார் ஒப்ப வேண்டுமென்றும் முடிவாகியிருக்கிறது. கணக்குப் புத்தகம் மாடிவீட்டு அம்மையாரிடம். தலையை ஏலம் விடுவதா, முறை வைத்துக் கொள்வதா என்பதில் மட்டும் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை.